நந்தினியின் முகம்

பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி சோழ நாட்டில் வாழ்ந்தவள் அல்ல, கல்கி பெற்றுப்போட்ட பெண். அப்படியிருந்தும் அவளைத் தேரோட்டக் கூட்டத்தில் பார்த்தால்கூட எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். ஒரு பக்கமாகச் சரிந்த ஆண்டாள் கொண்டை, ஏறிட்டுப் பார்க்கும் கண், சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கும் உதடு. பூலித்தேவர் வாழ்ந்தவர். எங்கள் ஊரான சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் நெற்கட்டும்செவலில் கோட்டை கட்டி ஆண்டவர். 1755இல் கர்னல் ஹெரான் அந்தக் கோட்டையை உடைக்கப் போதிய பீரங்கி இல்லாமல் திரும்பிப்போனதைக் கும்பினிக்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயிலுக்குள்ளேயே அவர் பெயரில் ஓர் அறை இருக்கிறது. அவர் எதிரே வந்து நின்றால் எனக்குத் தெரியாது. இல்லாத ஒருத்தியைத் தெரிந்திருக்கிறது, இருந்த ஒருவரைத் தெரியவில்லை. புத்தகம் நமக்குச் செய்யும் நன்மையைப் பற்றி யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் இது எனக்குள் முள்ளாக நெருடுகிறது. புத்தகத்தின் மீது எனக்குள்ள மோகம் எதன் மீதான மோகம் என்றே அப்போது சந்தேகம் வந்துவிடுகிறது.

நந்தினியை நான் பார்த்தது புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தில் அல்ல. எங்கள் அத்தை வீட்டில் ஐந்து தொகுதிகள் இருந்தன. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி இதழில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து வைத்து, பாகம் பாகமாகப் பைண்டிங் செய்தவை. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகை ரயிலில் வந்து இறங்கும். ஒரு பிரதி நான்கு வீடு சுற்றிவிட்டுத்தான் கிழிபடும். அதனால் சில பக்கங்களில் தாளிதக் கறை, சில பக்கங்களில் வெற்றிலைச் சாறு. பைண்டர் மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார். அந்தப் புளித்த, உலோக வாசனை கோடைக்காலத்தில் தொகுதியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும். முதுகில் காலிகோ துணி, இரு பக்கமும் பளிங்குக் கோலம் போட்ட காகிதம். மேலட்டையில் பெயர் கிடையாது, படம் கிடையாது. உள்ளே போனால்தான் உலகம். அதுவும் சுத்தமான உலகம் அல்ல. வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டிருப்பான், பக்கத்தைத் திருப்பினால் தலைவலித் தைலமும் பல்பொடியும் விளம்பரமாக நிற்கும். ஓரங்களைச் சமமாக்க வேண்டும் என்று பைண்டர் கட்டிங் மிஷினில் கொடுத்ததில் மணியம் வரைந்த படங்களில் ஒரு விரற்கடை போய்விட்டது. குதிரைக்கு மூக்கு நுனி இல்லை, கோட்டை மதிலுக்கு உச்சி இல்லை. அந்த மூக்கில்லாத குதிரைதான் இன்றும் எனக்கு வந்தியத்தேவனின் குதிரை. பிற்பாடு முழுப் படத்தையும் அச்சிட்ட பதிப்பைப் பார்த்தபோது யாரோ ஒட்டவைத்தது போலிருந்தது.

இங்கே ஒரு கேள்வி வருகிறது, அதை நான் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை. நான் விரும்பியது கல்கியையா, மணியத்தையா? கல்கியின் நடை எனக்குள் வரி வரியாகத் தங்கவில்லை. கதைப் போக்கைச் சொல்லச் சொன்னால் சொல்வேன், வாக்கியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் தடுமாறுவேன். படங்களோ அப்படியே நிற்கின்றன. அந்த நாவலைக் கல்கி இதழ் மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டது; வினு, பத்மவாசன் என்று ஓவியர்கள் மாறினார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு நந்தினி. என் அக்கா மகளிடம் நந்தினி என்றால் 2022இல் வந்த படத்தின் நடிகைதான் அவள் மனத்தில் வருகிறாள். அவளிடம் மணியத்தின் படத்தைக் காட்டினேன். "இது யாரு மாமா?" என்றாள். எழுத்து மாறவில்லை, ஒரு கமாகூட மாறவில்லை, ஆள் மாறிவிட்டாள். அப்படியென்றால் எழுத்தில் அவள் இருந்தாளா என்பதே கேள்வி.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் எனக்கு உண்டு, அதுதான் சிக்கல். நான் படித்து வளர்ந்த கிளை நூலகத்தில் எந்தப் புத்தகத்துக்கும் முகம் கிடையாது. நாலு பேர் எடுத்துப் படித்ததும் மேலட்டை பிய்ந்துவிடும். உடனே அட்டை வைத்துத் தைத்து, பழுப்பு ரெக்சின் போர்த்தி, முதுகில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதிவிடுவார்கள். ஜெயகாந்தனும் சாண்டில்யனும் சமையல் குறிப்பும் ஒரே உடுப்பில் வரிசையாக நிற்பார்கள். முதல் பக்கத்தைத் திறந்து, ஊதா முத்திரைக்கு நடுவே பெயரைத் தேடிப் படித்தால்தான் ஆள் யார் என்று தெரியும். சாண்டில்யனின் கடல் புறாவை மூன்று பாகமும் அப்படித்தான் படித்தேன். குமுதத்தில் அது தொடராக வந்தபோது லதா வரைந்த படங்கள் எனக்குப் பிற்காலத்தில்தான் கிடைத்தன. சாண்டில்யனின் நாயகிகளில் ஒருத்தியின் முகமும் என் நினைவில் இல்லை. அவர் வர்ணனை முகத்தில் அதிக நேரம் நிற்பதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கடலும் மரக்கலமும் உப்புக் காற்றும், கடலையே பார்த்திராத கரிசல் பையனான எனக்கு அப்படிப் பிடிபட்டன. அட்டையும் படமும் இல்லாமலே. முன்னால் படித்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய 'அபாரம்', கடைசித் தாளில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டு, யாரோ வைத்து மறந்த பஸ் டிக்கெட், இவைதான் அந்தப் புத்தகத்துக்கு அலங்காரம். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டு வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கத் தொடங்கியதன் பலனாக எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது இந்த முகமற்ற அலமாரி. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. முகம் இருந்தபோதும் மயங்கினேன், இல்லாதபோதும் மயங்கினேன். அட்டைதான் புத்தகத்தின் கவர்ச்சி என்று சொல்கிறவர்களையும், அட்டையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவர்களையும் நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

எங்கள் கோயில் திருவிழாவான ஆடித் தபசுக்குக் கூடும் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையல், அரிசிப் பொரி, பனையோலைப் பெட்டி, மாவிளக்குச் சாமான்களுக்கு நடுவே கோணிச் சாக்கை விரித்துப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் பரப்பியிருப்பார்கள். சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ், ஆர். ஜி. பதி கம்பெனி அச்சிட்டு அனுப்பியவை. நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை, மதுரைவீரன் கதை. மேலட்டை இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் வழவழப்பில்லாத மெல்லிய தாள், நடுவில் மரக்கட்டையில் செதுக்கியது போன்ற ஒற்றை நிறப் படம். அந்தப் படங்களில் எல்லா அரசர்களும் ஒரே அரசர்தான். மீசை ஒன்று, கிரீடம் ஒன்று, நிற்கிற நிலை ஒன்று. வாங்குகிறவர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருவர் உரக்கப் படிக்க, தெருவே கேட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் கண் மங்கியவராக இருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் படிக்கட்டும் என்றுதான் அத்தனை பெரிய எழுத்து. நம்முடைய சரித்திர நாவல் ஸ்காட்டிடமிருந்தும் டூமாவிடமிருந்தும் வந்தது என்று எழுதுகிறோம். கல்கியே அந்தக் கடனை மறைத்தவர் அல்ல. ஆனால் தொடரைக் கிழித்துத் தைத்த எங்கள் அத்தைக்கு ஸ்காட்டைத் தெரியாது, தேசிங்குராஜனைத் தெரியும். அவள் பொன்னியின் செல்வனையும் உரக்கத்தான் படித்தாள். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, கை வேலை பார்த்துக்கொண்டே கேட்டார்கள். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் குரல் எழ வேண்டும் என்பதால் சதியாலோசனைக் காட்சிகளைக்கூட அவள் கத்தித்தான் படிப்பாள்.

முகம் கொடுக்கும் தொழிலில் எங்கள் வட்டாரம் சளைத்ததல்ல என்பதுதான் இன்னும் வேடிக்கை. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் வந்து தங்கி, சீடர்களை உருவாக்கி, 1976இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து சாமி படம் வரைந்தார். அதைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக அடித்து நாடெங்கும் அனுப்பின. அவருடைய மீனாட்சி திருக்கல்யாணம் மாட்டாத வீடு ஒரு காலத்தில் குறைவு. முருகனுக்கும் மீனாட்சிக்கும் நாம் மனத்தில் வைத்திருக்கும் முகம் பெரும்பாலும் கோவில்பட்டி முகம். பின்னணியில் தெரியும் மலையும் மாளிகையும் நாடகத் திரை. நந்தினிக்கு மணியம் செய்ததைத் தெய்வங்களுக்கு அவர் செய்தார். அதே சமயம் எங்கள் ஊரில் சங்கரநாராயணரையும் கோமதியம்மனையும் பார்க்க வருகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் கை நீட்டி வாங்கிக்கொண்டு போவது புற்றுமண்ணை. அது சாமிதான், ஆனால் அதற்கு முகம் கிடையாது. தோல் நோய்க்குப் பூசுகிறார்கள், வயல் மூலையில் தூவுகிறார்கள். முகத்தில் மயங்குகிற நாம்தான் மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். இரண்டுக்கும் ஒரே மனம் எப்படி இடம் கொடுக்கிறது என்பதை எழுத்தில் நிறுவ எனக்குச் சக்தியில்லை.

பூலித்தேவர் அறைக்கு வருகிறேன். 1761இல் கும்பினித் தளபதி யூசுப் கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்த பிறகு பூலித்தேவர் என்ன ஆனார் என்பதற்கு ஆவணம் கைவிரிக்கிறது. ஊர் கைவிரிக்கவில்லை. சிறைபிடித்துக்கொண்டு போகிற வழியில் கோமதியம்மனைக் கும்பிட வேண்டும் என்று கேட்டார், உள்ளே போனார், விலங்கு தெறித்தது, ஆளைக் காணவில்லை. காணாமல் போன இடம் என்று ஓர் அறையைக் காட்டுகிறார்கள். சின்ன வயதில் அதன் முன்னால் நிற்கும்போது எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் வாடையும் கலந்த இருட்டைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரிந்ததில்லை. பொன்னியின் செல்வனில் கடம்பூர் மாளிகையின் இருட்டில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்துக்கிடந்ததை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதிலேயே பார்த்துவிட்டவன் நான். அந்தக் கொலைக்கும் ஆவணம் பாதிதான் பேசுகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கொலைத் துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோருடைய உறவினர் நிலத்தை எடுத்துக்கொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதைச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். அந்த ஓட்டைக்குள் புகுந்துதான் கல்கி ஐந்து பாகம் எழுதினார். எழுதிவிட்டு, யார் கொன்றது என்பதை அவரும் ஒளித்துவைத்தார். பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் நச்சரித்ததும் முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. சரித்திர நாவலின் ருசி சரித்திரத்தில் இல்லை, அதன் ஓட்டையில் இருக்கிறது. அப்படியானால் எங்கள் கோயில் அறை எவ்வளவு பெரிய ஓட்டை! சோழனின் ஓட்டை என்னைப் பிடித்திழுத்தது போல இது ஏன் இழுக்கவில்லை?

மணியம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பேரன் எங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருக்கவில்லை. கல்கி யாரைக் குற்றவாளியாக்கினாலும், யாரைக் கோழையாக்கினாலும் கேட்க ஆளில்லை. ஆயிரம் வருஷமும் முந்நூறு கிலோமீட்டரும் கொடுத்த சௌகரியம் அது. பூலித்தேவரின் கதையை எடுத்தால் கூடவே அவர் படையில் நின்ற ஒண்டிவீரன் வருவார், வெண்ணிக்காலாடி வருவார். மூவருக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் வீரவணக்க நாள், செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் தடை உத்தரவு போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. போலீஸ் வேன், சோதனைச் சாவடி, எந்த வண்டி எந்தப் பாதையில் போகலாம் என்ற கட்டுப்பாடு. சுவரெங்கும் ஃபிளெக்ஸ். அதில் அவர்களுக்கு முகம் இருக்கிறது. பூலித்தேவர் காலத்தில் வரைந்த படம் எதையும் நான் கண்டதில்லை. ஃபிளெக்ஸில் இருப்பது முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக, பெரிய எழுத்துப் புத்தகத்தின் அந்த ஒரே அரசர், இப்போது பல வண்ணத்தில். கட்டபொம்மன் பாடு பரவாயில்லை. 1959இல் சிவாஜி கணேசன் வந்து தன் முகத்தைக் கொடுத்துவிட்டார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு தரப்பு ஆளுக்கொரு முகம் கொடுத்திருக்கிறது, ஒரு தரப்பின் சுவரில் இன்னொரு தரப்பின் முகம் ஒட்டப்படுவதில்லை. நான் சொன்ன சோழச் சௌகரியமும் நிரந்தரமல்ல போலிருக்கிறது. சதய விழாவுக்கு ராஜராஜனை எங்கள் ஆள் என்று சொல்லும் சுவரொட்டிகள் பல பெயரில் வருகின்றன. கல்கி இன்று எழுதியிருந்தால் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் வருத்தம் தெரிவிக்கச் சொல்லியிருப்பார்.

பக்கத்துச் சரித்திரத்தை எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. கி. ராஜநாராயணன் 1976இல் கோபல்ல கிராமத்தை எழுதினார். ஆந்திரத்திலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் கரிசலைக் காடு திருத்திக் குடியேறிய கதை. அதில் ராஜாவும் இல்லை, வாளும் இல்லை. நூறு வயது தாண்டிய ஒரு கிழவி இருக்கிறாள். பிறகு பூமணி. கழுகுமலையில் 1895இல் நடந்த கலவரமும் 1899 சிவகாசிக் கொள்ளையும் உள்ளே வர, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அஞ்ஞாடியை எழுதினார். க்ரியா 2012இல் வெளியிட்டது; 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கழுகுமலை எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான், வெட்டுவான் கோயிலைக் காட்ட விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போவோம். அஞ்ஞாடி படித்த பிறகு அந்த ஊர்த் தேரடியில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முன்னே போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து, இவருடைய தாத்தாவின் தாத்தா எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்தும் அப்படி நினைக்கக்கூடுமே என்று உடனே தோன்றுகிறது. பழையாறைக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது எனக்கு அப்படி ஒரு கூச்சம் வந்ததில்லை, பரவசம்தான் வந்தது. பூமணியின் பாத்திரங்களுக்கு என் மனத்தில் முகம் இல்லை என்பதைப் பல நாள் கழித்துத்தான் கவனித்தேன். அவர்களுடைய குரல் இருக்கிறது, ஏனென்றால் அது பஸ்ஸில் நான் அன்றாடம் கேட்கிற குரல். முகத்தைத் தனியாக ஓர் ஓவியர் கொடுக்க வேண்டிய அவசியம் அங்கே ஏற்படவில்லை.

அதனால் அட்டை ஓவியர்களை நான் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆதிமூலத்தின் கோடு இல்லாமல் கி.ரா.வின் கரிசல் கட்டுரைகளை என்னால் நினைத்துப்பார்க்க முடியாது. ஜூனியர் விகடனில் கரிசல் காட்டுக் கடுதாசி வந்தபோது அவர் வரைந்த கிழவர்களுக்குப் பாதி முகம்தான் இருக்கும், மீதி வெறும் கிறுக்கல். ஆனாலும் அது நம் வீட்டுப் பெரியப்பாவா பக்கத்து வீட்டுத் தாத்தாவா என்று மயக்கம் வரும். முகத்தைக் கொடுக்காமல் முகத்தை நினைவூட்டுகிற வித்தை அது. க்ரியா ராமகிருஷ்ணன் தாளின் நிறம், ஓர இடைவெளி, எழுத்துரு என்று ஒவ்வொன்றையும் யோசித்துப் புத்தகம் போட்டவர். 2020இல் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. அவர் போட்ட புத்தகங்களில் ஒன்றை நூலக ரெக்சினில் போர்த்திப் பார்த்தபோது, உள்ளே பக்கத்தின் அமைதி அப்படியே இருந்தது. மேலட்டை போனாலும் போகாத அழகு என்றால் அதைத்தான் சொல்வேன். இப்போது வருகிற சரித்திர நாவல் அட்டைகள் வேறு சாதி. கைபேசித் திரையில் கட்டைவிரல் நக அளவில் தெரிய வேண்டும் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. வாள் மின்ன வேண்டும், குதிரை பாய வேண்டும், தலைப்பு கல்வெட்டு எழுத்தின் சாயலில் இருக்க வேண்டும், பின்னால் எந்தக் கோயிலானாலும் தஞ்சாவூர் விமானம். உள்ளே பாண்டியன் இருந்தால்கூட வெளியே சோழக் கோபுரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மயில்துத்த வாசனையில் வளர்ந்தவனின் புலம்பல் என்று இளைஞர்கள் சொல்லலாம், சொல்லட்டும். அந்த அட்டையைப் பார்த்துத்தானே என் அக்கா மகள் முதன்முதலாகத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தானாகக் கையில் எடுத்தாள் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

பூலித்தேவரைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. இப்படி ஓர் ஓட்டையை எழுத்தாளர்கள் நெடுநாள் விட்டுவைக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பதிப்பாளருக்கும் ஒரு வேண்டுகோள். அட்டையில் முகம் போடாதீர்கள். மீசையைப் பார்த்து வருகிறவருக்குச் சுவரில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அந்த மீசை இருந்தால் ஊரில் பாதிப் பேர் அது தங்களுக்கான புத்தகம் அல்ல என்று முடிவு செய்து தொடாமலே போய்விடுவார்கள். மண் கோட்டைச் சுவரைப் போடுங்கள், இல்லையென்றால் தலைப்பை மட்டும் போடுங்கள். விலையை ஐந்நூறு ரூபாய்க்குள் வையுங்கள். அதற்கு மேலே போனால், நூலகத்துக்கு வரட்டும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் காத்திருப்பார்கள்.